கிரிக்கெட் தெரியாத நாட்டில் கிரிக்கெட் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் சாயங்கால நேரத்தில் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறேன். குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். மஸ்கட்டில் மாமா, கத்தாரில் படகு வேலைக்குப் போன அத்தான், அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ நர்ஸாக இருக்கும் அக்கா. என்னிடம் பயிற்சி எடுத்த பையன்களும் அதே வழியில்தான் போகிறார்கள். போய்க் கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் சந்தேகம் வந்துவிடும்: இங்கே ஆட முடியுமா, ஆட்களைச் சேர்க்க முடியுமா, இந்த நாட்டுக்காரர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களுடைய பேச்சிலேயே இருக்கின்றன. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை.

அண்ணே, கிரிக்கெட்ட ஒலகம் முழுக்க ஆடுகாங்கன்னுதானே சொல்லுகாங்க? பிறகு எப்படி அது சின்ன விளையாட்டு ஆவும்?

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி.யில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அவற்றில் டெஸ்ட் ஆடும் முழு உறுப்பினர்கள் 12 மட்டுமே. மற்றவை எல்லாம் இணை உறுப்பினர்கள். பிரேசில், ஜப்பான், ருவாண்டா, ஜெர்மனி எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் பேர் இருப்பது வேறு, ஊரில் ஆட்டம் இருப்பது வேறு. அந்த நாடுகளில் மட்டையோடு பஸ்ஸில் ஏறினால், அது என்ன சாமான் என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார்.

இதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. நீரோடியில் தொடங்கி வள்ளவிளை, தூத்தூர், இரையுமன்துறை என்று கடற்கரையோரமாக ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். மணலில் எங்கு பார்த்தாலும் கால்பந்துதான். அந்தப் பையன்களுக்கும் கிரிக்கெட் தெரியும், டி.வி.யில் பார்ப்பார்கள். ஆனால் பள்ளி விட்டதும் அவர்கள் ஓடுவது கால்பந்துக்கு. உலகத்தின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது. டி.வி.யில் பார்ப்பதுகூட அங்கே கிடையாது.

முழு உறுப்பினர், இணை உறுப்பினர்னா பேருல மட்டும்தான் வித்தியாசமா?

இல்லை. பணம், ஓட்டு, ஆட்டம் மூன்றிலுமே வித்தியாசம் உண்டு. 2024 முதல் 2027 வரைக்கான ஐ.சி.சி. வருமானப் பங்கீட்டில் இந்தியாவுக்கு மட்டும் 38.5 விழுக்காடு. இணை உறுப்பு நாடுகள் தொண்ணூற்றுச் சொச்சமும் சேர்ந்து பகிர்ந்துகொள்வது சுமார் 11 விழுக்காடு. ஒரு சின்ன நாட்டின் வாரியத்தில் முழுநேர ஊழியர் ஒருவரோ இருவரோதான் இருக்கிறார் என்றால் காரணம் இதுதான். நீங்கள் மின்னஞ்சல் அனுப்பிப் பதில் தாமதமானால் கோபப்படாதீர்கள்.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2018 ஜூலையிலிருந்து பெண்களுக்கும் 2019 ஜனவரியிலிருந்து ஆண்களுக்கும், எந்த இரண்டு உறுப்பு நாடுகள் டி20 ஆடினாலும் அது சர்வதேச ஆட்டம் என்று அங்கீகாரம் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு ஒரு சின்ன நாட்டுப் பெண் அடிக்கும் ரன்னும், இந்தியாவின் ஸ்மிருதி மந்தானா அடிக்கும் ரன்னும் ஒரே பதிவேட்டில் ஏறுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சட்டென்று புரியாது.

எனக்க தம்பி ஜெர்மனிக்குப் படிக்கப் போறான். அங்க போயி யாரப் பாக்கணும்?

எந்த உறுப்பு நாட்டிலும் தேசிய வாரியம் ஒன்று இருக்கும். அதன் கீழ் கிளப்புகள் இருக்கும். ஊர் பேரையும் கிரிக்கெட் கிளப் என்பதையும் சேர்த்துத் தேடினாலே கிடைத்துவிடும். ஜெர்மனியில் 2015க்குப் பிறகு ஆப்கன் அகதிகள் வந்ததும் கிளப்புகள் நிறையப் பெருகின. அதனால் அங்கே சேர இடம் கிடைப்பது கஷ்டமில்லை.

காலத்தை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே வெளியில் ஆடுவது மே முதல் செப்டம்பர் வரைதான். அக்டோபரில் போய் இறங்கும் பையன், கிரிக்கெட்டே இல்லை என்று நினைத்து மட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான். குளிர்காலத்தில் பள்ளி உள்ளரங்குகளில் பயிற்சி நடக்கும். அப்போதே போய் முகம் காட்டினால் கோடையில் அணியில் இடம் இருக்கும்.

மைதானமே இல்லியே, புல் விக்கெட்டும் இல்ல. எங்க போயி ஆடுகது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நமக்கு நன்றாகப் பதில் தெரிந்த கேள்வியும் இதுதான். ஏனென்றால் குமரி மாவட்டத்தில் பெரும்பாலானவர்கள் புல் விக்கெட்டில் கால் வைக்காமலேயே ஆடி வளர்ந்தவர்கள்.

ஆடுகளத்துக்குத் தேவை 22 கஜம், அதாவது 20.12 மீட்டர் நீளத்துக்கு நம்பிக்கையான ஒரு தரை. நாம் இங்கே பழகியது தேங்காய் நாரில் பின்னிய கயிற்றுப் பாய். 66 அடி நீளம், 8 அடி அகலம். ஈத்தாமொழிப் பக்கம் தும்பு ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நார் எவ்வளவு முரடு என்று தெரியும். பாயை விரித்ததும் முதலில் ஒரு முனையில் ஆணி அடிக்க வேண்டும். பிறகு நான்கு பேர் மறுமுனையைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் பக்கவாட்டில் சுருக்கத்தை நீவிக்கொண்டே வந்து ஓரங்களில் ஆணி இறக்க வேண்டும். அடியில் இருக்கும் மண் சமமாக, உருளை போட்டு இறுகி இருக்க வேண்டும். ஒரு சின்னக் கல் இருந்தாலும் பந்து முகத்துக்கு வரும். ஓரம் எங்கேயாவது தூக்கிக்கொண்டு நின்றால் பந்து வீசுபவன் கால் மாட்டி விழுவான். பாய் நன்றாக இழுபட்டு நின்றால் பந்து சீராக எழும்பும், சுழல் வீசுபவர்களுக்கு நல்லபடி திரும்பும். ஆட்டம் முடிந்ததும் காய வைத்துச் சுருட்டாவிட்டால் இடவப்பாதி மழையில் ஒரே வருசத்தில் உளுத்துவிடும். 1950களில் பாகிஸ்தானில் டெஸ்ட் ஆட்டங்களே பாய் விரித்து நடந்தன. 1956இல் கராச்சிப் பாயில்தான் பசல் மஹ்மூத் ஆஸ்திரேலியாவின் 13 விக்கெட்டுகளைச் சாய்த்தார். எனவே பாய் விக்கெட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

வெளிநாட்டில் பெரும்பாலும் சிமெண்ட் தளத்தின் மேல் செயற்கைப் புல் ஒட்டியிருப்பார்கள். அதுவும் இல்லாத ஊரில், சுருட்டி எடுத்துப்போகும் பிளாஸ்டிக் ஆடுகளம் கிடைக்கிறது. கால்பந்து மைதானத்தின் நடுவில் விரித்து ஆடிவிட்டுச் சுருட்டிக்கொண்டு போய்விடலாம். கால்பந்து கிளப்பிடம் இடம் கேட்கும்போது, நடுவில் சிமெண்ட் போடுகிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மைதானங்கள் அடுத்தடுத்து இருந்தால் இடையில் உள்ள தரையைக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கால்பந்து மைதானம் சுமார் 68 மீட்டர் அகலம்தான். பக்கவாட்டில் 34 மீட்டரில் பவுண்டரி வந்துவிடும். சர்வதேச ஆட்டத்துக்கு அது போதாது. ஆட்டத்தைப் பழக்குவதற்குத் தாராளமாகப் போதும்.

டென்னிஸ் பந்துல ஆடலாமா, இல்ல ஸ்டிச் பந்துதான் வேணுமா?

தொடக்கத்தில் டென்னிஸ் பந்து. சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் மென்மையான ரப்பர் பந்தும் பிளாஸ்டிக் மட்டையும். புதிதாக வருபவன் முதல் நாளே விரலில் அடிபட்டுப் போனால் திரும்ப வரமாட்டான். கால் பேட், கையுறை, தலைக்கவசம் என்று ஒரு பை சாமான் வாங்கச் சொன்னால் அவன் அப்பாவும் அனுப்பமாட்டார். ஆப்கானிஸ்தானின் முதல் தலைமுறை பாகிஸ்தான் அகதி முகாம்களில் டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் ஆடித்தான் கிரிக்கெட்டைக் கற்றது.

ஆனால் தேசிய அணி வரை போக வேண்டுமானால் தோல் பந்துக்கு, அதாவது ஸ்டிச் பந்துக்கு, வந்தே ஆக வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மாற்றிவிடுங்கள். பெண்கள் ஆடும் தோல் பந்து எடை குறைவு, 140 முதல் 151 கிராம். ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம். வாங்கும்போது இதைப் பாருங்கள். பெண்பிள்ளைகளிடம் ஆண்கள் பந்தைக் கொடுத்துவிட்டு, வேகமாக எறியத் தெரியவில்லை என்று குறை சொல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்.பி.டபிள்யூ.வ அந்த ஊருக்காரனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்க?

புரியவைக்க வேண்டாம். ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டால் அவுட் என்ற அந்த விதியே முதல் ஒரு வருசத்துக்கு இல்லாமல் ஆடுங்கள். பந்தை எறி, அடி, ஓடு, பிடி. இது நான்கும் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

பக்கத்துக்கு ஆறு பேர் அல்லது எட்டுப் பேர் போதும். எல்லாருக்கும் ஒரு ஓவர் வீச வாய்ப்பு. பேட்டிங்கை ஜோடி ஜோடியாக விடுங்கள், ஒரு ஜோடிக்கு இரண்டு அல்லது மூன்று ஓவர். அவுட் ஆனால் வெளியே அனுப்பாமல் 5 ரன் கழித்துவிட்டு ஆடவிடுங்கள். முதல் பந்தில் போல்டான பிள்ளை மீதி நேரமெல்லாம் மர நிழலில் உட்கார்ந்திருந்தால் அதற்கு இந்த ஆட்டம் எப்படிப் பிடிக்கும்?

அந்த ஊர் ஆட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பேஸ்பால் ஆடிய ஜப்பான் பையனுக்குப் பிடிப்பதும் எறிவதும் நம்மைவிட நன்றாக வரும். முழங்கையை மடக்காமல் வீசுவதையும், தரையில் குத்தி வரும் பந்தை நேர்மட்டையில் ஆடுவதையும் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். அப்புறம், மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுவான். அதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

எங்க ஊர்ல நம்மாளுவ டீம் மட்டும் இருவது இருக்கு, வெள்ளிக்கிழமை எல்லா கிரவுண்டும் ஃபுல். இது வளர்ச்சி இல்லியா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை எழுதியதற்கே இதுதான் காரணம்.

அது நம்முடைய சந்தோசம். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஒரு நாள் நம் பேச்சு பேசி ஆடுவது மனசுக்கு மருந்து, அதை விடவே கூடாது. ஆனால் அதை அந்த நாட்டில் கிரிக்கெட் வளர்ந்த கணக்கில் சேர்க்க முடியாது. ஷார்ஜாவில் 1984இல் முதல் ஆசியக் கோப்பை நடந்தது. அதற்குப் பிறகு வருசக்கணக்கில் அரங்கம் நிரம்பி வழிந்தது. நிரப்பியவர்கள் வேலைக்குப் போன இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் இலங்கைக்காரர்களும். அவ்வளவு கூட்டத்தாலும் உள்ளூர் அரபுப் பிள்ளைகளிடம் கிரிக்கெட் பரவவில்லை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் முதல் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டம் 1844இல் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையேதான் நடந்தது. பிலடெல்பியாவில் பார்ட் கிங் போன்ற அருமையான பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே கிரிக்கெட் வசதியானவர்களின் கிளப்புகளுக்குள் நின்றது. தெருப் பிள்ளைகள் பேஸ்பாலை எடுத்துக்கொண்டார்கள். 1909இல் ஐ.சி.சி. தொடங்கியபோது அது பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளுக்கு மட்டும் என்றிருந்ததால் அமெரிக்கா வெளியே நின்றது. பிறகு அங்கே ஆட்டம் உயிர்பெற நூறு வருசம் ஆயிற்று.

நம்மாட்கள் மட்டும் ஆடினால், விசா முடிந்து நாம் விமானம் ஏறும்போது ஆட்டமும் நம்மோடு ஏறிவிடும். இருபது அணி இருக்கிறதா, சந்தோசம். அந்த இருபதில் ஓர் அணி வாரத்துக்கு ஒரு மணி நேரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். வளர்ச்சி தொடங்குவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அப்படி உள்ளூர்க்காரங்களே எடுத்து வளத்த நாடு ஏதாவது உண்டா?

உண்டு, நிறைய உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது தாய்லாந்துப் பெண்கள் அணி. ஏறக்குறைய எல்லாரும் அந்த மண்ணின் பெண்கள், பலர் சாப்ட்பாலிலிருந்து வந்தவர்கள். 2020இல் ஆஸ்திரேலியாவில் நடந்த டி20 உலகக் கோப்பையில் ஆடினார்கள். 2022 ஆசியக் கோப்பையில் சில்ஹெட்டில் பாகிஸ்தானைத் தோற்கடித்து அரையிறுதிக்கும் போனார்கள். தோற்றாலும் சிரித்துக்கொண்டே கைகூப்பி நிற்பார்கள். ஆட்டம் அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது என்பது அதிலேயே தெரியும்.

ருவாண்டாவின் கதை வேறு மாதிரி. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு உகாண்டா, கென்யாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கூடவே கிரிக்கெட்டையும் கொண்டுவந்தார்கள். 2017இல் கிகாலியை அடுத்த ககாங்காவில் அழகான மைதானம் ஒன்று எழும்பியது. 2023 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் ருவாண்டாப் பிள்ளைகள் ஜிம்பாப்வேயையும் வெஸ்ட் இண்டீசையும் வென்றார்கள். பிரேசிலில் போசோஸ் டி கால்டாஸ் என்ற ஊரில், இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறிய மேட் பெதர்ஸ்டோன் ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, ஊர் நிர்வாகமும் கைகொடுக்க, இன்றைக்கு அந்த ஊரே கிரிக்கெட் ஊராக இருக்கிறது. 2020இல் பிரேசில் வாரியம் முதலில் சம்பள ஒப்பந்தம் கொடுத்தது ஆண்களுக்கு அல்ல, பெண்களுக்கு.

பப்புவா நியூ கினியில் கிரிக்கெட்டைக் கொண்டுபோனவர்கள் மிஷனரிமார். மைலாடியிலும் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிய அதே லண்டன் மிஷன்தான் அங்கேயும் வேலை செய்தது. ஹனுவாபாடா கிராமத்தில் பிள்ளைகள் தெருவில் ஆடி ஆடியே தேசிய அணிக்குப் போகிறார்கள்.

பொம்பளப் பிள்ளியள எப்படிச் சேர்க்க? நம்ம ஊருலயே விடமாட்டாங்களே.

மேலே சொன்ன தாய்லாந்து, ருவாண்டா, பிரேசில் மூன்றிலும் பெண்கள்தான் முன்னே போனார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆண்கள் கிரிக்கெட்டில் நூறு வருச அனுபவமுள்ள நாடுகளோடு மோத வேண்டும். பெண்கள் கிரிக்கெட்டில் அந்த இடைவெளி குறைவு. நல்ல பயிற்சி கிடைத்தால் ஏழெட்டு வருசத்தில் மேலே வந்துவிடலாம். எனவே ஒரு சின்ன நாட்டில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் பெண்பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

நடைமுறையில் பார்க்க வேண்டியவை எளியவை. சொல்லிக்கொடுப்பவர்களில் ஒரு பெண் இருக்கட்டும். இருட்டுவதற்குள் முடியட்டும். உடை மாற்றவும் கழிப்பறைக்கும் இடம் இருக்கட்டும். தாய்மாரை மைதானத்துக்கே வரச் சொல்லுங்கள். இங்கே எங்களிடம் பிள்ளைகள் நின்றதும் அப்படித்தான். முதலில் தயங்கிய அம்மாக்கள்தான் இப்போது ஸ்கோர் எழுதுகிறார்கள்.

மூணு வருசம் இருந்தா அந்த நாட்டுக்கு ஆடலாம்னு சொல்லுகாங்களே, நேரா?

நேர்தான், உண்மை. ஐ.சி.சி. விதிப்படி ஒரு நாட்டுக்கு ஆட, அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், அல்லது கடைசி மூன்று வருசம் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும். வருசத்தில் பாதி ஊரில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்ட முடியாது, அதற்குச் சான்று கேட்பார்கள்.

சென்னையில் பிறந்த கார்த்திக் மெய்யப்பன் 2022 டி20 உலகக் கோப்பையில் ஐக்கிய அரபு அமீரகத்துக்காக ஆடி, ஜீலாங்கில் இலங்கைக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். அந்த அணியின் கேப்டன் ரிஸ்வான் தலச்சேரிக்காரர். நம்மாட்களுக்கு வழி திறந்துதான் இருக்கிறது. ஒலிம்பிக்ஸ் மட்டும் வேறு, அதில் அந்த நாட்டின் குடியுரிமை இல்லாமல் ஆட முடியாது.

அப்போ சம்பளம் கிடைக்குமா? ஒரு ஏஜெண்டு கிரிக்கெட் விசா எடுத்துத் தாறேன்னு சொல்லுகாரு.

அந்த ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. உண்மையில் ஆள் வேண்டும் என்று கூப்பிடும் கிளப், ஆடுபவனிடம் பணம் கேட்காது. கிளப்பின் பெயரைக் கேளுங்கள். அந்த நாட்டு வாரியத்துக்கு நீங்களே எழுதி, அப்படி ஒரு கிளப் உண்டா என்று விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் போய் ஆடிச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இணை உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். 2024 ஜூன் 6 அன்று டல்லாசில் பாகிஸ்தானை எதிர்த்து சூப்பர் ஓவர் வீசி அமெரிக்காவை ஜெயிக்க வைத்த சௌரப் நேத்ரவல்கர் ஒரு மென்பொருள் பொறியாளர். முதலில் வேலை, அதோடு கிரிக்கெட். அந்த வரிசையில் போனால் ஏமாற மாட்டீர்கள்.

இங்க மாநில லெவல்ல ஆடுற பையன் வெளிநாட்டு லீக்ல போயி ஆடலாமா?

இந்திய வாரியத்தின் கீழ் ஆடிக்கொண்டே வெளிநாட்டு டி20 லீக்குகளில் ஆட ஆண்களுக்கு அனுமதி இல்லை. 2012இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற கேப்டன் உன்முக்த் சந்த், 2021இல் இந்தியக் கிரிக்கெட்டிலிருந்து விலகிவிட்டுத்தான் அமெரிக்கா போனார். எனவே இங்கே வாய்ப்புள்ள பையனை அவசரப்படுத்தாதீர்கள்.

ஒலிம்பிக்ஸ்ல வந்தாச்சுல்லா, இனி எல்லா நாட்டுலயும் தானா வளந்திரும்தானே?

தானாக வளராது, ஆனால் உதவும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் ஆண்களுக்கு ஆறு அணி, பெண்களுக்கு ஆறு அணி, டி20 ஆட்டம். ஆறே இடங்கள் என்பதால் சின்ன நாடுகள் உள்ளே நுழைவது அரிது. நன்மை வேறு பக்கத்தில் இருக்கிறது. பல நாடுகளில் ஒலிம்பிக் விளையாட்டு என்று பெயர் வந்தால்தான் அரசாங்கம் மைதானத்துக்கும் பள்ளிப் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கும். உங்கள் ஊர் நகராட்சியிடம் பேசும்போது இதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

கிரிக்கெட் ஒலிம்பிக்ஸுக்கு வருவது இது முதல் தடவை அல்ல. 1900இல் பாரிஸில் ஒரே ஓர் ஆட்டம் நடந்தது. பிரிட்டன் தங்கம், பிரான்ஸ் வெள்ளி. அந்தப் பிரான்ஸ் அணியில் ஆடியவர்கள் பெரும்பாலும் பாரிஸில் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள். பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெள்ளிப் பதக்கம் வாங்கிய நாட்டில் கிரிக்கெட் பிடிக்காமலே போயிற்று.

கென்யா செமி பைனல் வரைக்கும் வந்துச்சே, அப்புறம் ஏன் ஆளையே காணோம்?

1996இல் புனேயில் வெஸ்ட் இண்டீசை வீழ்த்தினார்கள். 2003 உலகக் கோப்பையில் அரையிறுதியில் டர்பனில் இந்தியாவோடு ஆடினார்கள். ஸ்டீவ் திக்கோலோவின் பேட்டிங்கை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த அணி நைரோபியின் சில கிளப்புகளிலிருந்தும் சில குடும்பங்களிலிருந்தும் வந்தது. திக்கோலோ, ஒடும்பே, சூஜி, ஒபூயா என்று அண்ணன் தம்பிகள். அவர்களுக்கு வயதானபோது கீழிருந்து வர ஆள் இல்லை. வாரியத்துக்குள் சண்டை, சம்பளத் தகராறு வேறு. 2014இல் சர்வதேச ஒருநாள் ஆட்டம் ஆடும் அந்தஸ்தும் போய்விட்டது.

நேபாளத்திலும் வாரியச் சண்டை நடந்தது. 2016இல் ஐ.சி.சி. அந்த வாரியத்தை இடைநீக்கம் செய்து 2019இல்தான் விடுவித்தது. அப்படியும் அங்கே கிரிக்கெட் சாகவில்லை, இடையிலேயே 2018இல் ஒருநாள் அந்தஸ்தும் வாங்கினார்கள். கீர்த்திபூர் மைதானத்தின் சரிவில் நெருக்கியடித்து உட்காரும் கூட்டம் அந்த மண்ணின் கூட்டம். 2025 செப்டம்பரில் ஷார்ஜாவில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிரான டி20 தொடரையே வென்றார்கள். வாரியம் தடுமாறும்போது ஆட்டத்தைத் தாங்கிப் பிடிக்க ஊர் வேண்டும்.

தூத்தூர் பக்கம் ஃபுட்பால்தான் உசிரு. அங்க கிரிக்கெட்டக் கொண்டுபோனா அதக் கெடுத்த மாதிரி ஆவாதா?

நியாயமான பயம். நீங்கள் போகும் நாட்டிலும் இதே பயம் இருக்கும், அதனால் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். மைக்கேல் சூசைராஜ் போன்றவர்களை நம் கடற்கரையிலிருந்து இந்தியன் சூப்பர் லீக்கான ஐ.எஸ்.எல். வரை அனுப்பிய ஆட்டம் அது. மைதானத்தைப் பிடுங்கிக் கிரிக்கெட்டுக்குக் கொடுத்தால் நானே எதிர்ப்பேன்.

எந்த ஊரிலும் கால்பந்தில் இடம் கிடைக்காத பிள்ளைகள் உண்டு. உயரம் குறைந்தவன், மெதுவாக ஓடுபவன், தனியாக நின்று யோசிக்கும் பிள்ளை. அவர்களுக்கு ஸ்பின் இருக்கிறது, கீப்பிங் இருக்கிறது. அவர்களைக் கூப்பிடுங்கள். கால்பந்து சீசன் ஓய்ந்திருக்கும் மாதங்களைக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளூர்ப் பையன்மாரச் சேர்த்தா நம்ம பையன்மாருக்கு இடம் போயிருமே அண்ணே, ஆளுவ சண்டைக்கு வாறாங்க.

வருவார்கள். வாரம் ஒரு நாள் லீவு கிடைப்பவனிடம், உன் இடத்தை ஆடத் தெரியாதவனுக்குக் கொடு என்றால் கோபம் வரத்தான் செய்யும். அவன்மேல் தப்பில்லை. அதனால் அவன் இடத்தைத் தொடாதீர்கள். கோப்பைக்கு ஆடும் முதல் அணி அப்படியே இருக்கட்டும். இரண்டாவதாக ஓர் அணி தொடங்கி, அதில் பாதிக்கு மேல் அந்த நாட்டுப் பிள்ளைகள், மீதி நம்மில் மூத்தவர்கள் என்று வையுங்கள். முதல் அணியில் நாற்பது தாண்டியவர்கள் தாங்களாகவே இங்கே இறங்கிவருவார்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். அந்த இரண்டாவது அணி ஆடும் நேரத்தில் மைதானத்தில் அந்த நாட்டு மொழிதான் பேச வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் நாம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பையன் ஒன்றும் புரியாமல் தூரத்தில் லாங் ஆனில் நின்றால் அடுத்த வாரம் வரமாட்டான்.

நான் ஒத்த ஆளுதான் இங்க. எதுல தொடங்கணும்?

ஒரு பள்ளிக்கூடத்தில். உங்கள் வீட்டுப் பிள்ளையோ நண்பர் பிள்ளையோ படிக்கும் பள்ளியாக இருந்தால் நல்லது. விளையாட்டு ஆசிரியரைப் பாருங்கள், நான்கு வாரத்துக்கு வாரம் ஒரு வகுப்பு கேளுங்கள். அதற்கு முன்பே, பிள்ளைகளோடு வேலை செய்ய அந்த நாட்டில் என்ன சான்றிதழ் வேண்டும் என்று விசாரித்து வாங்கிவிடுங்கள். பல நாடுகளில் காவல்துறைச் சான்று இல்லாமல் பள்ளிக்குள் விடமாட்டார்கள். இரண்டு பிளாஸ்டிக் மட்டை, ஆறு டென்னிஸ் பந்து, ஸ்டம்புக்குப் பதில் பள்ளியில் இருக்கும் கூம்புகள். எல்.பி.டபிள்யூ. கேள்விக்குச் சொன்னபடி ஜோடி ஆட்டம்.

நான்காவது வாரம் முடிந்ததும் மட்டையையும் பந்தையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வராதீர்கள். அந்த ஆசிரியரிடமே விட்டுவிட்டு, ஜோடி ஆட்டத்தின் விதிகளை அவர் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஐந்தாவது வாரம் நீங்கள் நைட் டியூட்டியில் இருந்தாலும் அவர் ஆட்டத்தை நடத்திக்கொள்வார்.